ஐந்தடி ஒன்பது அங்குலம்

டக்ளஸ் முப்பத்தொரு வருஷம் ரயிலில் போனார். தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் விடிவதற்கு முன்னால் கிளம்பும் வண்டியைப் பிடித்து பெங்களூருக்குப் போவார். அங்கே ஒரு கம்பெனியில் இரும்புச் சாமான்களை அளந்து பார்த்து, சரியில்லாததைத் தள்ளி வைத்துவிட்டு, இருட்டிய பிறகு அதே தண்டவாளத்தில் திரும்பி வருவார். மொத்தம் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஆகியிருக்கும் என்று ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரர் கணக்குப் போடத் தொடங்கியபோது, "வேணாம் விடுங்க, கேட்டா கால் இன்னும் வலிக்கும்" என்று தடுத்துவிட்டார்.

போன மார்ச்சில் ஓய்வு பெற்றார். கம்பெனியில் ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். அந்த மனுஷனுக்கு இனிமேல் கடிகாரம் எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. முதல் திங்கட்கிழமை நன்றாகத் தூங்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே திட்டம். ஆனால் மூன்றரைக்கே முழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் மனைவி ஐடாவும் முழித்துக்கொண்டுதான் இருந்தாள், கால் இழுத்துப் பிடிக்கிறது என்று கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டு.

ஐடாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கோலாரில் டயாலிசிஸ். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் பன்னிரண்டரைக்கு எழுந்திருக்கலாம். இத்தனை நாளும் அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது சம்பங்கியின் ஆட்டோ. சம்பங்கி ஆண்டர்சன்பேட்டைக்காரன், நாற்பது வயது, வாயைத் திறந்தால் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்துதான் வரும். டக்ளஸ் லீவு கிடைத்த நாளில் மட்டும் கூடப் போயிருக்கிறார். எல்லாம் சேர்த்து ஏழெட்டுத் தடவை இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை அவர் கூடப் போனார். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போதுதான் தெரிந்தது. பங்காருபேட்டை தாண்டி ஒரு மோசமான இடம், ஆட்டோ குலுங்கோ குலுங்கு என்று குலுங்குகிறது. ஐடா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை லேசாகத் தூக்கினாள். சம்பங்கி ஒரு வார்த்தை கேட்காமல் ஓரம் கட்டினான், சீட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் பாட்டிலையும் பழைய டவலையும் எடுத்தான். அவள் வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள், வாயைக் கொப்பளித்தாள், டவலை மடித்து அவனிடமே கொடுத்தாள். மூன்று நிமிஷத்தில் எல்லாம் முடிந்து ஆட்டோ மறுபடி கிளம்பிவிட்டது. டக்ளஸ் கையைப் பிசைந்துகொண்டு பார்த்திருந்தார். ஒன்றரை வருஷமாக வாரம் மூன்று நாள் இப்படி நடக்கிறது, நமக்குத் தெரியாது என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அக்காவுக்கு இந்த எடம் வந்தாலே அப்டித்தான் அண்ணா, டெய்லி கதை" என்றான் சம்பங்கி, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அன்று சாயங்காலமே மகன் ஸ்டீவனுக்கு போன் போட்டு, கார் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஸ்டீவன் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். விலையைப் பற்றி நீங்கள் பேசவே கூடாது, அது என் பாடு என்று முதலிலேயே வாயை அடைத்துவிட்டான். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆனா டாடி, ஹேட்ச்பேக் மட்டும் வாங்காதீங்க. கிராஸ்ஓவர் எடுங்க. ஒசரமா இருக்கும், பள்ளத்துல அடி தட்டாது. மம்மிக்கும் ஏற எறங்க ஈஸி" என்று சொல்லிவிட்டு, வாட்ஸாப்பில் பதினாலு வீடியோ அனுப்பினான். ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பையன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து கதவைத் தட்டிக் காட்டினான். டக்ளஸ் நாலு பார்த்தார். ஐந்தாவதில் தூங்கிவிட்டார்.

வீடியோவில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அளந்து பார்த்தால்தான் நம்புவார். கோலாரில் ஒரு ஷோரூம் இருந்தது. ஐடா மெஷினில் படுத்திருக்கும் நாலு மணி நேரத்தில் அங்கே போய்வர ஆரம்பித்தார். சில்வியா என்ற பெண் அங்கே வேலை பார்த்தாள், அவளும் சுரங்க ஊரான கோரமண்டல் பக்கத்துப் பிள்ளை. ஊர்க்காரர் என்று தெரிந்ததும் காபி வாங்கிக் கொடுத்தாள். இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள், ஒரே கம்பெனியின் தயாரிப்பு. ஒன்று சின்ன ஹேட்ச்பேக், பின்னால் டிக்கி என்று தனியாக நீட்டிக்கொண்டிருக்காத கச்சிதமான கார். இன்னொன்று கிராஸ்ஓவர். பார்த்தால் ஜீப்பு மாதிரி தோள் தூக்கி நிற்கும், உள்ளே ஏறினால் கார்தான்.

டக்ளஸ் பையிலிருந்து டேப்பை எடுத்தார். சில்வியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லா அளவும் புக்லயே கீது அங்கிள்."

"புக்கு போட்டவன் அளந்திருப்பான். நான் அளக்கலயே" என்றார்.

கோடு போட்ட நோட்டில் இரண்டு பத்தி பிரித்தார். இடது பக்கம் சின்னது, வலது பக்கம் உயரமானது. நீளம், அகலம், தரையிலிருந்து வண்டியின் வயிற்றுக்கு எவ்வளவு உயரம், தரையிலிருந்து சீட்டுக்கு எவ்வளவு உயரம், கதவு எவ்வளவு விரிகிறது, வளைப்பதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பதினேழு வரிசை எழுதினார். உயரமானதில் போய் உட்கார்ந்து பார்த்தார். இடுப்பு அலுங்காமல் நேராகப் போய்ச் சேர்ந்தது, நாற்காலியில் உட்காருவதைப் போல. இறங்கும்போது காலைக் கீழே வைத்தால் போதும், நின்றுவிடலாம். சின்னதில் உட்காரும்போது கடைசி நாலு அங்குலம் தொப்பென்று விழுந்தார். எழுந்திருக்கக் கதவின் மேல்விளிம்பைப் பிடித்து உன்ன வேண்டியிருந்தது. பதினேழில் பதினொன்று உயரமானதன் பக்கம் விழுந்தது. ஸ்டீவன் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தாலும் ஒத்துக்கொண்டார்.

"யாரு அங்கிள் உக்காரப் போறது? ஆன்ட்டியா?" என்று சில்வியா கேட்டாள். "ஒரு தடவ கூட்டினு வாங்களேன். உக்காந்து பாக்கட்டும். ரெண்டு நிமிஷ வேல."

"அவங்களுக்கு ட்ரீட்மென்ட் முடிஞ்சா ரொம்ப டயர்டாயிடும்மா. வேணாம். நான் பாத்துக்கறன்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஐடாவுக்கு இன்னொரு வேலை வைக்கக்கூடாது, எல்லாவற்றையும் முடித்துக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். முப்பத்தொரு வருஷத்துக் கடனை ஒரே சாமானில் தீர்த்துவிடப் பார்க்கிற ஆண்பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு.

அடுத்த நாள் வீட்டுக்கு முன்னால் உள்ள சந்தின் அகலத்தை அளந்தார். அங்கேதான் உயரமானது தோற்றது.

அவர்கள் வீடு சுரங்கக் கம்பெனி காலத்து லைன் வீடு. ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு வீடு, எல்லாவற்றுக்கும் முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரே நீளமான கல் படி. எதிர்ப்பக்கம் அடுத்த லைனின் பின்சுவர். நடுவில் சந்து. சந்தின் ஒரு முனை சர்ச் மைதானத்தில் திறக்கும், மறு முனை அடைப்பு. டக்ளஸ் வீடு எட்டாவது. நாலாவது வீட்டு ராஜப்பா டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். எழுபத்தெட்டு வயதான அவர் மைன்ஸ் மூடுகிறவரை ஷாஃப்டின், அதாவது சுரங்கக் குழியின், வாயில் நின்று கேஜில் ஆள் ஏற்றி இறக்கியவர். கேஜ் என்றால் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டு. டக்ளஸின் அப்பாவும் அதே வேலைதான் பார்த்தார். படி விளிம்பிலிருந்து சுவர் வரை ஐந்தடி ஒன்பது அங்குலம். ஐந்து இடத்தில் அளந்தார்கள், ஐந்திலும் அதேதான். கட்டினவன் கெட்டிக்காரன்.

உயரமான வண்டியின் அகலம் ஐந்தடி பத்தரை. ஒன்றரை அங்குலத்தில் போயிற்று. அதை வாங்கினால் சர்ச் மைதானத்தில்தான் நிறுத்த வேண்டும். அங்கிருந்து எட்டாவது வீட்டுக்கு நூற்று நாற்பது அடி, மேடும் பள்ளமுமாகச் சிமென்ட் பெயர்ந்த தரை. சம்பங்கியின் ஆட்டோ இன்று வீட்டு வாசலுக்கே வருகிறது. கார் வாங்கிவிட்டு அவளை நடக்கவிட்டால் அது என்ன கார்? சின்னதோ, கண்ணாடிகளை மடக்கிவிட்டால் ஐந்தடி ஐந்து அங்குலம்தான்.

"அப்ப ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இஞ்சு கெடைக்குது" என்றார் ராஜப்பா. "போதும்டா. கேஜுக்கு அவ்ளோகூட இல்ல. எத்தினி ஆயிரம் ஆள எறக்கியிருக்கம்! அளவு கரெக்டா இருந்தா இடிக்காது. உங்கப்பன் இருந்தா இதையேதான் சொல்லியிருப்பான்."

இரண்டு இரண்டு அங்குலம் என்பது டக்ளஸுக்கும் தாராளமாகவே பட்டது. கம்பெனியில் அவர் முடியளவு இடைவெளியைப் பார்த்துப் 'பாஸ்' போட்டவர். நோட்டில் பதினெட்டாவது வரிசை எழுதி, சின்னதன் பக்கம் பெரிய டிக் போட்டார். பதினொன்றும் அந்த ஒன்றும் மோதியதில் ஒன்று ஜெயித்தது. சீட்டு தாழ்வாக இருந்தால் என்ன, நான் கை கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஐடா கேட்டாள்.

"இன்னாங்க, இன்னா முடிவு பண்ணீங்க?"

"சின்ன வண்டிதான். வாசலுக்கே வரும். நீ படிய விட்டு எறங்கினா வண்டிதான். கலர் மட்டும் நீ சொல்லு."

"எல்லாத்தையும் நீங்களே முடிச்சிட்டு கலர் மட்டும் எனக்கா?" என்று சொன்னாள், கோபமில்லாமல்தான். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறதே. "வெள்ளை வேணாம். ஆஸ்பத்திரியிலயே வேணுங்கற அளவுக்குப் பாத்துட்டன்."

நீல நிறத்தில் சொல்லி வைத்தார். கம்பெனி வேனை அவ்வப்போது ஓட்டியிருந்ததால் ஓட்டுவது அவருக்குப் புதிதில்லை.

வண்டி ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தது. சர்ச் மைதானத்தில் நிறுத்தி, போதகர் பானெட்டில் கை வைத்து ஜெபம் பண்ணினார். லைன் முழுக்கத் திரண்டு வந்து பார்த்தது. மூன்றாவது வீட்டு குணசுந்தரி ஒரு சாமந்தி மாலை கொண்டுவந்து பானெட்டில் போட்டாள். ஐடா வரவில்லை. மறுநாள் டயாலிசிஸ் என்றால் முதல் நாள் சாயங்காலம் அவளுக்கு மூச்சு வாங்கும், கால் இரண்டும் வீங்கிவிடும். அதனால் என்ன, நாளைக்குக் காலையில் அவள் கதவைத் திறக்கும்போது வாசலில் நிற்கும் என்றார் டக்ளஸ். இப்போதே ஒருதரம் உள்ளே ஓட்டிப் பார்த்துவிடலாமே என்று யாரோ சொன்னதற்கு, வெளிச்சம் போய்விட்டது, அளவுதான் இருக்கிறதே, அது எங்கே போகும் என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலை ஏழு மணி. சம்பங்கி பழக்கதோஷத்தில் வந்து ஆட்டோவை மைதானத்தில் நிறுத்தியிருந்தான். கிராக்கி போனதில் அவனுக்கு வருத்தம் உண்டு, ஆனாலும் சந்துக்குள் முன்னால் பின்நடையாக நடந்து வழி காட்டினான். ராஜப்பா நாலாவது வீட்டு வாசலில் நாற்காலியை விட்டு எழுந்து, பழைய கேஜ் சைகையில் கையை ஆட்டினார். டக்ளஸ் கண்ணாடிகளை மடக்கி முதல் கியரில் விட்டார். வண்டி உறைக்குள் கத்தி இறங்குவது போல உள்ளே வந்தது. இந்தப் பக்கம் படி, அந்தப் பக்கம் சுவர், இரண்டும் இரண்டு அங்குலத்தில் நகர்ந்து போயின. ஒரு சின்னக் கீறல்கூட இல்லை. படிகளில் தண்ணீர் டிரம்முக்கும் சிலிண்டருக்கும் நடுவே நின்றிருந்தவர்கள் கை தட்டினார்கள். முப்பத்தொரு வருஷத்தில் டக்ளஸுக்காக யாரும் கை தட்டியதில்லை.

எட்டாவது வீட்டுக்கு முன்னால் நின்றார். பின்கதவு ஐடாவின் வாசலுக்கு நேராக இருந்தது. ஐடா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், தோளில் ஃபைலும் டவலும் பிஸ்கட்டும் இருந்த பை. டக்ளஸ் இறங்குவதற்காகத் தன் பக்கக் கதவைத் திறந்தார்.

டொக்.

சுவரில் இடித்தது. இரண்டு அங்குலம் திறந்து நின்றுவிட்டது. குனிந்து மறுபக்கக் கதவைத் தள்ளினார். அது படிக்கல்லில் இடித்தது. இரண்டு அங்குலம்தான் அங்கேயும். அளவு கரெக்டாக இருந்தது.

அந்தச் சந்தில் இதுவரை கதவு வைத்த வண்டி வந்ததே கிடையாது. சைக்கிள் வந்திருக்கிறது, பைக் வந்திருக்கிறது. ஆட்டோவுக்குக் கதவே இல்லை. காருக்குப் பின்னாலேயே வந்திருந்த ராஜப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "கேஜ் கதவு மேல தூக்கற கதவுடா டக்ளஸ்" என்றார், மெதுவாக, குற்றத்தை ஒத்துக்கொள்கிறவரைப் போல.

ஐடா சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தாள். அப்புறம் கார்க் கண்ணாடி வழியாகப் புருஷனுடைய முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. டக்ளஸ் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கக்கூட வழியில்லாமல், ஊர் முழுக்கப் பார்த்திருக்க, புதுக் காருக்குள் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு களைப்பாக முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் அவர் உணர்ந்ததில்லை.

"மணி ஏழேகால் ஆச்சுங்க" என்றாள் ஐடா. "பின்னால எடுங்க. ஒரு வீடு தள்ளி எடுத்தா நான் எறங்கிடுவன்."

"நான் போய் ஆட்டோ கொண்டாரேன் அக்கா" என்றான் சம்பங்கி. அவன் வண்டிக்கு முன்னால், சந்தின் அடைப்புப் பக்கம் நின்றிருந்தான். படி முழுக்க டிரம்மும் சிலிண்டரும் ஆட்களுமாக அடைத்திருக்க, கார் வெளியே போகாமல் அவனும் வெளியே போக முடியாது.

டக்ளஸ் வண்டியைப் பின்னால் எடுத்தார். ஏழாவது வீட்டுக்கு வந்ததும் சம்பங்கி ஐடாவுக்குக் கை கொடுத்துப் படியிலிருந்து இறக்கினான். அவள் இரண்டடி நடந்தாள், தள்ளாடினாள், முன்னால் எது இருந்ததோ அதைப் பிடித்தாள். அது காரின் பானெட். நீல வர்ணத்தில் அவளுடைய உள்ளங்கை அழுந்தியது.

"அப்டியே மெல்ல எடுங்க" என்றாள். "நான் புடிச்சினே வரேன்."

அப்படித்தான் வந்தார்கள். கார் ஓர் அடி பின்வாங்கும், ஐடா ஓர் அடி எடுத்து வைப்பாள். கார் நிற்கும், அவள் மூச்சு வாங்குவாள். டக்ளஸ் ஒரு கண்ணைப் பின்பக்கக் கேமராவிலும் ஒரு கண்ணை எதிரே இருந்த அவள் முகத்திலும் வைத்துக்கொண்டு, கிளட்சைப் பாதி மிதித்தபடி, வியர்வையில் நனைந்துபோய் ஓட்டினார். நடுவில் கண்ணாடிதான் இருந்தது. அவளுடைய உதடு உலர்ந்திருந்தது, கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது, பானெட்டில் கிடந்த மாலையிலிருந்து ஒரு சாமந்தி உதிர்ந்து அவள் மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. நூற்று நாற்பது அடிக்குப் பதினாறு நிமிஷம் ஆயிற்று. மைதானத்தில் கதவு முழுசாகத் திறந்தது. சீட்டில் அவள் தொப்பென்று விழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கோலாரில் போய்ச் சேர்ந்தபோது எட்டு ஐம்பது. அடுத்த ஆள் பன்னிரண்டரைக்கு வந்துவிடுவார், இருபது நிமிஷம் குறைத்துத்தான் போட முடியும் என்றாள் நர்ஸ். டக்ளஸ் தலையாட்டினார். வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்து நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டுக் கொஞ்சம் அழுதார். அந்த இருபது நிமிஷத்தை அவளுடைய ரத்தத்திலிருந்து தான் திருடிவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

திரும்பும்போது ஐடா வாந்தி எடுக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டோவைக் குலுக்கிய அந்த இடத்தில் கார் லேசாக ஆடிவிட்டுப் போயிற்று. கண்ணாடியைப் பாதி இறக்கிக்கொண்டு, காற்று முகத்தில் பட, வாயைக் கொஞ்சம் திறந்து அவள் தூங்கிக்கொண்டு வந்தாள். டக்ளஸ் நாற்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

சர்ச் மைதானத்தில் நிறுத்தி அவளை எழுப்பினார். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. காலை வெளியே வைத்து, அவர் கையைப் பிடித்து, உன்னிப் பார்த்தாள். பாதி எழுந்து சீட்டிலேயே விழுந்தாள். இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை. மூன்றாவது தடவை விழுந்ததும் "கொஞ்சம் இருங்க" என்றாள். டக்ளஸ் சுற்றிப்போய் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு கதவும் திறந்து கிடந்தன.

"நாளைக்கே போய் அந்தப் பொண்ணுகிட்ட பேசறன்" என்றார். "இத்த குடுத்துட்டு அந்த ஒசரமான வண்டிய எடுத்துக்கலாம். ஸ்டீவன் அப்பவே சொன்னான். தப்பு என்னுதுதான் ஐடா. எல்லாத்தையும் அளந்தன். உன்ன ஒரு வார்த்த கேக்கல."

"கேட்டிருக்கலாம்" என்றாள். "வாசல்ல வண்டி வந்தா கதவு எப்டி தெறக்கும்னு நான் கேட்டிருப்பன். டெய்லி அந்தப் படியில உக்காந்து கெடக்கறவ நான்தான். நீங்க அந்தச் சந்த வெளிச்சத்துல பாத்தது ஞாயித்துக்கெழம மட்டும்தான்."

டக்ளஸ் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மாத்த வேணாம்" என்றாள் ஐடா. "அது ஒசரமாத்தான் இருக்கும். ஆனா அதுவும் இங்கதான நிக்கும்? சீட்டுக்கு ஒரு தலகாணி போட்டா இதுவும் ஒசரமாயிடும். காலைல நடந்தன் இல்ல, நல்லாத்தான் இருந்திச்சி. ரொம்ப நாளா அவ்ளோ தூரம் நடக்கவே இல்ல."

"வண்டிய புடிச்சினு நடந்த."

"ஆமா. வேற எத்த புடிக்கறது? நீங்க உள்ள இல்ல இருந்தீங்க."

அவள் அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். ஆனால் டக்ளஸுக்கு அது நெஞ்சில் போய் விழுந்தது. அவளை ஓர் அடிகூட நடக்க விடக்கூடாது என்று பதினெட்டு வரிசை எழுதினாரே தவிர, அவள் நடந்தால் பக்கத்தில் நடக்க ஓர் ஆள் வேண்டும் என்பது எந்த வரிசையிலும் வரவில்லை. இத்தனை வருஷமும் அவர் ஏதோ ஒரு வண்டிக்குள்தான் இருந்திருக்கிறார்.

இறங்கிச் சுற்றி வந்தார். இந்தத் தடவை கையைப் பிடித்து இழுக்கவில்லை. குனிந்து, அவள் இரண்டு கையையும் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவள் இடுப்பைப் பிடித்து எழுந்தார். முட்டி கடகடவென்றது, யாருடைய முட்டி என்று தெரியவில்லை. இருவரும் நின்றார்கள். வண்டியைப் பூட்டினார். ஐடா அவர் தோளில் கை போட்டுக்கொள்ள, சந்துக்குள் நடந்தார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தச் சந்து எப்படி இருக்கும் என்று டக்ளஸுக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டாவது வீட்டில் குக்கர் விசில் அடித்தது. மூன்றாவது வீட்டுப் படியில் குணசுந்தரி வைத்திருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியில் ஐடா ஒரு கொத்துக் கிள்ளிக்கொண்டாள், கேட்காமலே. நாலாவது வீட்டில் ராஜப்பா நாற்காலியைப் படியிலிருந்து கீழே இறக்கிப் போட்டுவிட்டு, அளவு போதும் என்று சொன்ன தப்புக்குப் பரிகாரம் மாதிரி, சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஐடா உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அப்புறம் மறுபடி நடந்தார்கள்.

எட்டாவது வீட்டுப் படியில் ஏறி நிலையைப் பிடித்ததும் ஐடா தோளிலிருந்து கையை எடுத்தாள். டக்ளஸ் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய சட்டையின் தோள்பட்டை அவள் பிடித்திருந்த இடத்தில் கசங்கிப்போயிருந்தது.

"வெள்ளிக்கெழம ஆறரைக்கே கெளம்பிடணும்" என்றாள் ஐடா உள்ளேயிருந்து. "நடக்கறதுக்கு நேரம் வெச்சிக்கங்க."

சரி என்றார்.